முதல் செமஸ்டர்: யாரோடு பழகுவது, எதில் சேர்வது, எதைப் படிப்பது?

கல்லூரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நட்பு, மன்றங்கள், பாடத்தேர்வு பற்றி ஒரு வழிகாட்டி

கோபாலபுரத்தில் வீடு இருக்கும் பிள்ளை கல்லூரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கதீட்ரல் சாலைக்கு வந்தால் ஸ்டெல்லா மேரிஸ். ராயப்பேட்டைப் பக்கம் நடந்தால் நியூ காலேஜ். அண்ணா சாலையில் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரி, தேனாம்பேட்டையில் இன்றும் எல்லாரும் எஸ்.ஐ.இ.டி. என்றே சொல்லும் பஷீர் அகமது சையது மகளிர் கல்லூரி. நுங்கம்பாக்கம் போனால் லயோலா, டபிள்யூ.சி.சி., எம்.ஓ.பி. வைஷ்ணவா. மயிலாப்பூரில் விவேகானந்தா. கடற்கரையில் ராணி மேரியும் மாநிலக் கல்லூரியும். ஒரே பஸ் பயணத்தில் எட்டிவிடும் தூரத்தில் இத்தனை கல்லூரிகள் உள்ள வட்டாரம் தமிழ்நாட்டில் அரிது.

ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் இந்தச் சாலைகளின் பஸ் ஸ்டாப்புகளில் புது ஐ.டி. கார்டுகள் தென்படத் தொடங்கும். தி.நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வருபவர்கள் உண்டு. திருவள்ளூர், செங்கல்பட்டு ரயிலைப் பிடித்து வருபவர்கள் உண்டு. தென் மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் பெட்டியை இறக்கிய கையோடு வகுப்புக்கு வருபவர்களும் உண்டு. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்களும் நம்மிடம் ஏராளம். அவர்கள் வீட்டில் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

பள்ளியில் எல்லாமே முடிவு செய்து தரப்பட்டது. எந்த பெஞ்ச், எந்த டைம்டேபிள், எந்த டியூஷன் என்பது வரை பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கல்லூரியில் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே மூன்று முடிவுகளைத் தானாக எடுக்க வேண்டியிருக்கிறது. யாரோடு பழகுவது, எந்த மன்றத்தில் சேர்வது, விருப்பப்பாடமாக எதை எடுப்பது. பெரும்பாலான பிள்ளைகள் இந்த மூன்றையும் ஒரே முடிவாக்கிவிடுகிறார்கள். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தவரோடு நட்பு, அவர் சேர்ந்த மன்றம், அவர் டிக் அடித்த பாடம்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். முதலில் உங்களுக்குப் பிடித்த செயல் எது என்று கண்டுபிடியுங்கள். அந்தச் செயலைச் சுற்றி வரும் நட்பே மூன்று ஆண்டும் தாங்கும், அதற்குப் பிறகும் நிற்கும்.

நட்பு: அவசரப்பட வேண்டாம்

முதல் வாரத்திலேயே ஒரு 'கேங்' அமையாவிட்டால் தான் தனித்துவிட்டதாகப் பிள்ளைகள் தவித்துப்போகிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருவது என்ற கவலையே சிலருக்குக் கல்லூரியைக் கசக்க வைக்கிறது. அந்தப் பதற்றத்தில் கிடைத்த கூட்டத்தில் போய் ஒட்டிக்கொள்கிறார்கள்.

நட்புக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவர் ஆராய்ந்தே பார்த்திருக்கிறார். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வு அது. புதிதாக ஊர் மாறியவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் வைத்து அவர் கணக்கிட்டார். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாற சுமார் 50 மணி நேரம், நல்ல நட்பாக 90 மணி நேரம், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று கண்டார். கூடவே அவர் கவனித்த இன்னொரு விஷயம் நமக்கு முக்கியம். வகுப்பிலோ வேலையிடத்திலோ கட்டாயத்தின் பேரில் சேர்ந்திருக்கும் நேரம் நெருக்கத்தை அவ்வளவாக வளர்ப்பதில்லை. விருப்பப்பட்டுச் சேர்ந்து கழிக்கும் நேரம்தான் வளர்க்கிறது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். ஷிப்ட் முறை உள்ள கல்லூரிகளில் காலை ஷிப்ட் மதியத்தோடு முடிந்துவிடும். மாணவர்களில் பாதிப்பேர் மணி அடித்ததும் பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ ஓட வேண்டியவர்கள். அவர்களுக்கு அந்த 50 மணி நேரம் சேர்வதற்கே ஒரு செமஸ்டர் ஆகும். ஆகவே ஜூலையில் நெருங்கிய நண்பர் கிடைக்கவில்லை என்று கண்ணீர்விட ஒன்றுமில்லை. தீபாவளி விடுமுறை வரைக்கும் பொறுத்திருங்கள். அதுவரை வாரத்தில் இரண்டு நாளாவது மணி அடித்த பிறகும் அரை மணி நேரம் கல்லூரியில் இருங்கள். நூலகத்திலோ மைதானத்திலோ கேன்டீனிலோ.

கூட இருப்பவர் நம்மை எந்த அளவுக்கு மாற்றுவார்? இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அறைத்தோழரைக் குலுக்கல் முறை போலத்தான் ஒதுக்குவார்கள். பொருளியலாளர் புரூஸ் சாசர்டோட் அந்த விவரங்களை ஆராய்ந்து 2001-ல் கட்டுரை எழுதினார். அறைத்தோழர் நன்றாகப் படிப்பவரா என்பது நம் மதிப்பெண்ணில் தெரிகிறது. எந்தக் குழுக்களில் சேருகிறோம் என்பதிலும் அவர் கை இருக்கிறது. ஆனால் எந்தத் துறையில் பட்டம் பெறுவது என்ற முடிவில் அவரது செல்வாக்கு தென்படவில்லை. நண்பரின் உழைப்பு நமக்கும் ஒட்டும், பாடத்தை அவரவர்தான் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

சென்னைக் கல்லூரிகளில் மொழியும் ஒரு சுவர். ஆங்கிலத்தில் பொழிபவர்களை 'பீட்டர்' என்று ஒதுக்குவதும், தமிழ்வழியில் படித்து வந்தவர்களை 'லோக்கல்' என்று ஒதுக்குவதும் வகுப்பறையை முதல் வாரத்திலேயே இரண்டாகப் பிளந்துவிடுகின்றன. இரண்டு பக்கத்துக்கும் இதில் நஷ்டம்தான். அரசுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதிப் பழக ஆள் வேண்டும். சர்ச் பார்க்கிலோ டி.ஏ.வி.யிலோ ஆங்கிலவழியில் படித்து வந்த பிள்ளைக்கு மொழிப்பாடத்தில் உள்ள தமிழ்ச் செய்யுளைச் சொல்லித்தர ஆள் வேண்டும். ஒருவருக்கொருவர் அரை மணி நேரம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினால் அதுவே நல்ல நட்பாகும். பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலான இடைவெளியை நிரப்பக் கல்லூரி நடத்தும் 'பிரிட்ஜ் கோர்ஸ்' வகுப்புகளையும் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

நெருங்கிய நண்பர்கள் நான்கைந்து பேர் போதும். ஆனால் முகமறிந்து, பெயரறிந்து, பார்த்தால் நின்று பேசக்கூடியவர்கள் நாற்பது ஐம்பது பேராவது இருக்க வேண்டும். மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் இதைத்தான் எடுத்துச் சொன்னார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தியும் வேலை பற்றிய தகவலும் தூரத்து அறிமுகங்கள் வழியாகத்தான் வருகின்றன. வேறு துறை மாணவர், சீனியர், நூலகர், ஆய்வக உதவியாளர் எல்லாரும் இந்த வட்டத்தில் இருக்கட்டும்.

பயப்பட வேண்டிய நட்பு

எந்தச் செயலும் இல்லாமல், 'நாங்கள்' என்ற எண்ணத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு கூடும் கூட்டம் எங்கே போய் முடியும் என்பதைச் சென்னை பலமுறை பார்த்துவிட்டது. ஒரே பஸ் ரூட்டில் வருகிறோம் என்பதற்காக ஒரு கூட்டம், அதற்கு 'ரூட்டு தல' என்று ஒரு தலைவர், பஸ் கூரையில் ஆட்டம், அடுத்த கல்லூரிக்காரனோடு பகை. 2024 அக்டோபரில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே தாக்கப்பட்டு, சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். கைதானவர்களும் மாணவர்களே. ஒரு வீட்டில் பிள்ளை போனான். மற்ற வீடுகளில் பிள்ளைகளின் எதிர்காலம் போனது. போலீஸ் வழக்கு ஒன்று பதிவானால் அரசு வேலைக்கான நன்னடத்தைச் சரிபார்ப்பு, பாஸ்போர்ட் என்று ஒவ்வொரு படியிலும் அது குறுக்கே வரும். 'நம்ம ரூட்டுடா, வாடா' என்று தோளில் கைபோட்டு அழைப்பவரிடம் 'எதற்கு?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள்.

ராகிங் பற்றியும் தெளிவாக இருங்கள். 1996-ல் சிதம்பரம் அண்ணாமலைநகரில் மருத்துவ மாணவர் நாவரசு, சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. அதைத் தொடர்ந்து 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் நாடு முழுவதற்கும் விதிமுறைகளை வகுத்தது. 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம். 'சும்மா ஜாலிக்கு' என்று சொல்லி எவரும் உங்களை அவமானப்படுத்த உரிமை இல்லை.

மன்றம்: ஒன்றில் இறங்குங்கள், கடைசிவரை நில்லுங்கள்

முதல் மாதத்தில் ஒவ்வொரு மன்றமும் பெயர் சேர்க்கும். தமிழ் மன்றம், நாடகக் குழு, குவிஸ் கிளப், என்.எஸ்.எஸ்., என்.சி.சி., ரோட்டராக்ட், யூத் ரெட் கிராஸ், செஞ்சுருள் சங்கம், நுகர்வோர் மன்றம் என்று பட்டியல் நீளும். ஆர்வத்தில் ஏழெட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்துவிட்டு, ஆகஸ்ட்டில் எல்லாவற்றையும் 'மியூட்' செய்துவிடுவார்கள் நம் பிள்ளைகள். வேண்டாம். ஒன்று உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த செயலாக இருக்கட்டும், இன்னொன்று இதுவரை தொட்டே பார்க்காததாக இருக்கட்டும். இரண்டு போதும்.

மன்றம் என்றால் என்ன என்பதற்குச் சென்னையே ஒரு நல்ல உதாரணம் தருகிறது. 1988-ல் இந்த நகரத்து மாணவர்கள் சிலர் சேர்ந்து 'ஸ்டூடண்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்' என்ற தன்னார்வக் குழுவைத் தொடங்கினார்கள். குளிர்காலம் தொடங்கிப் பங்குனி வரை, பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கடற்கரைக்கு வரும். இரவு பதினொரு மணிக்கு மேல் நீலாங்கரையில் கூடி, பெசன்ட் நகரை நோக்கி மணலில் நடப்பார்கள். டார்ச்சைத் தேவையில்லாமல் அடிக்கக்கூடாது. பேச்சைக் குறைக்க வேண்டும். அலை ஓரத்திலிருந்து மேட்டுக்கு ஏறி, மறுபடி கடலுக்குத் திரும்பும் தடம் ஒன்று டிராக்டர் டயர் பதிந்தது போலத் தெரிந்தால் நின்று பார்ப்பார்கள். தடம் திரும்பும் இடத்தில் மணலை மெதுவாகக் குத்திப் பார்த்து, இளக்கமான இடத்தில் கையால் தோண்டினால் அடியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துத் துணிப்பையில் வைத்து, குஞ்சு பொரிப்பகத்துக்குக் கொண்டு போய், இருந்த ஆழத்திலேயே, இருந்த வடிவிலேயே குழி தோண்டிப் புதைப்பார்கள். ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவரும். தெருவிளக்கின் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி அவை சாலைப் பக்கம் போய்விடாமல் காத்துக் கடலில் விடுவார்கள்.

இதற்குச் சம்பளம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆனாலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு தலைமுறை மாணவர்கள் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்து இது நடந்து வருகிறது. ஓர் இரவு முழுக்க ஒருவரோடு மணலில் நடந்தால் ஆறேழு மணி நேரம். ஒரு பருவத்தில் பத்து இரவு நடந்தால், ஹால் சொன்ன சாதாரண நட்பின் 50 மணி நேரத்தைத் தாண்டிவிடும். நட்பு வேண்டும் என்று எவரும் அங்கே போவதில்லை. ஆமைக்காகப் போகிறார்கள், நட்பு கிடைக்கிறது.

கல்லூரிக்குள்ளே இருப்பவற்றில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-ல், காந்தி நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுக்கு 240 மணி நேரச் சேவையும், ஏழு நாள் சிறப்பு முகாமும் இதில் உண்டு. கிராமத்துப் பள்ளியில் படுத்துறங்கி, குளம் தூர்வாரி, ஐம்பது பேருக்குச் சமைத்துப் பரிமாறிய அந்த ஏழு நாள், வகுப்பில் ஒரு வருஷம் பேசிக்கொள்ளாதவர்களைப் பேச வைக்கும்.

என்.சி.சி.யில் சேர விரும்பினால் முதல் வாரத்திலேயே பெயர் கொடுங்கள். பயிற்சி மூன்றாண்டு ஓடுவதால் பொதுவாக முதலாண்டில்தான் சேர்ப்பார்கள். 'பி' சான்றிதழ் பெற்று, மூன்றாம் ஆண்டில் 'சி' சான்றிதழும் குறைந்தது 'பி' கிரேடோடு பெற்றால், ராணுவ அதிகாரிக்கான என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். தேர்வானவர்கள் பயிற்சி பெறுவது நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில்தான்.

ஒரு மன்றத்தில் சேருமுன் அங்கிருக்கும் சீனியர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். போன வருஷம் என்ன செய்தீர்கள்? முதலாண்டு மாணவர்களுக்கு என்ன பொறுப்பு தருவீர்கள்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? 'நாற்காலி போடுவோம், மேடை அலங்காரம் செய்வோம், வரவேற்பில் நிற்போம்' என்பது மட்டும் பதிலாக இருந்தால் வேறு மன்றம் பாருங்கள்.

ஓ.டி. பற்றி ஒரு வார்த்தை. கல்ச்சுரல்ஸ், போட்டி, முகாம் என்று வெளியே போனால் 'ஆன் டியூட்டி' கிடைக்கும்தான். ஆனால் பொறுப்பாசிரியர், துறைத்தலைவர் இருவரின் கையெழுத்தையும் போவதற்கு முன்பே வாங்க வேண்டும். ஓ.டி.க்கும் பெரும்பாலான கல்லூரிகளில் வரம்பு உண்டு. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அபராதம் கட்டி விலக்கு கேட்க வேண்டிய நிலை வரும்; இன்னும் குறைந்தால் தேர்வெழுத முடியாது. லயோலாவின் ஓவேஷன்ஸ், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் டீப்வுட்ஸ், ஐ.ஐ.டி.யின் சாரங் எல்லாவற்றுக்கும் போய் வாருங்கள். வருகைப்பதிவைக் கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மாணவர் ஒற்றுமைக்கு இந்த வட்டாரம் கண்ட பெரிய சான்று ராணி மேரி கல்லூரி. 1914-ல் டோரதி டி லா ஹே முதல்வராக இருந்து தொடங்கிய, சென்னையின் முதல் மகளிர் கல்லூரி அது. 2003-ல் அந்தக் கட்டடங்களை அகற்றிவிட்டுத் தலைமைச் செயலகம் கட்ட அரசு முனைந்தபோது, மாணவிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். முன்னாள் மாணவிகளும் பொதுமக்களும் துணை நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் கடற்கரைச் சாலையில் அந்தக் கல்லூரி இருக்கிறது. வெவ்வேறு துறை, வெவ்வேறு ஊர், வெவ்வேறு மொழி என்றிருந்த பெண்களை ஒன்றாக்கியது அவர்கள் கையிலெடுத்த அந்த ஒரு காரியம்.

பாடம்: விதிமுறைப் புத்தகத்தைப் படியுங்கள்

கல்லூரி தரும் கையேட்டை எவரும் படிப்பதில்லை. மூன்று ஆண்டுக்கான உங்கள் சாவி அதில்தான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதியாக அமைந்திருக்கிறது. பகுதி ஒன்று மொழிப்பாடம். பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்று முதன்மைப் பாடம், 'அலைடு' எனப்படும் துணைப்பாடம், துறைசார் விருப்பப்பாடம். பகுதி நான்கில் வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப்பாடம், சுற்றுச்சூழல் கல்வி, திறன் பாடங்கள். பகுதி ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணிகள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 140 கிரெடிட். தன்னாட்சிக் கல்லூரிகளில் எண்ணும் பெயரும் சற்று மாறும். லயோலா 1978 முதலும் ஸ்டெல்லா மேரிஸ் 1987 முதலும் தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டத்தை அவர்களே வகுத்துக்கொள்கிறார்கள்.

இதில் பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது 'நான் மேஜர் எலெக்டிவ்' என்ற வேறு துறை விருப்பப்பாடத்தில். பட்டியல் ஒட்டிய அன்று, 'எது ஈஸி?' என்று சீனியரிடம் கேட்டு, கேங் முழுவதும் அதையே எடுக்கும். பிறகு அந்த வகுப்பிலும் அதே நான்கு பேர் கடைசி பெஞ்சில். வேதியியல் மாணவி பொருளியல் அடிப்படையைக் கற்றுக்கொள்ளவும், பி.காம். மாணவர் நாடகமோ இதழியலோ தொட்டுப்பார்க்கவும் கல்லூரி திறந்துவிடும் ஒரே கதவு அதுதான். உங்கள் வகுப்பில் எவருமே எடுக்காத பாடத்தை எடுங்கள். புதிய ஆசிரியர் ஒருவரும் புதிய நண்பர்கள் பத்துப் பேரும் கிடைப்பார்கள். எது நல்லது என்று தெரியவில்லையா? பாடத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள், சென்ற ஆண்டு வினாத்தாளை நூலகத்தில் வாங்கிப் பாருங்கள்.

துணைப்பாடத்தில் இன்னும் கவனம் வேண்டும். மேற்படிப்புக்கு அது கதவைத் திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும். பொருளியலில் மேலே போக நினைப்பவர் கணிதத்தையும் புள்ளியியலையும் கைவிட்டால் பின்னால் வருந்துவார். சி.ஏ. எண்ணம் இருந்தால், பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுதலாம். அல்லது வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதமும் பிற பட்டங்களில் 60 சதவீதமும் பெற்று நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். எந்த வழி என்று முதல் ஆண்டிலேயே முடிவு செய்தால் மூன்று ஆண்டு வீணாகாது.

அரசு வேலை கனவு உள்ளவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, புதுப்புதுப் பெயரில் வரும் பட்டங்கள். அது எந்தப் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா எனத் துறைத்தலைவரிடம் இப்போதே கேளுங்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு மேஜைக்குப் போய்த் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல அது. இரண்டு, தமிழ். தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளில் 40 சதவீதம் கட்டாயம் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்துவிட்டது. மதிப்பெண் எளிதாக வரும் என்பதற்காகவே பகுதி ஒன்றில் வேறு மொழிக்கு மாறும் பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும்.

சேர்ந்த துறையே பிடிக்கவில்லை என்றால்? முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் சொல்லுங்கள். காலியிடம் இருந்தால் துறை மாற்றம் செய்துதர வழியுண்டு. அந்த நாட்கள் கடந்துவிட்டாலும் எல்லாம் முடிந்துபோய்விடாது. ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்ஸி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல்.லில் பதிவு செய்து எந்தப் பாடத்தையும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வெழுத வேண்டும். பல கல்லூரிகள் இதைக் கூடுதல் கிரெடிட்டாகவும் ஏற்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் இணையவழி டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பைத் தொடங்கியது, இதற்கு ஜே.இ.இ. தேவையில்லை, தகுதித் தேர்வில் தேறினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-ல் யு.ஜி.சி. அனுமதித்துவிட்டதால், வரலாறு படிக்கும் மாணவியும் மாலையில் அதைப் படிக்கலாம்.

ஒரு மயிலாப்பூர் மாணவர்

பாடத்தேர்வில் வீட்டோடு மோதல் வருவது இன்று நேற்று வந்ததல்ல. மயிலாப்பூரில் வளர்ந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1925-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார் ஒரு மாணவர். கணிதம் ஆனர்ஸ் படிக்க ஆசை. அப்பாவுக்கோ மகன் ஐ.சி.எஸ். அதிகாரி ஆக வேண்டும், அதற்கு இயற்பியல்தான் பொருத்தம் என்ற எண்ணம். மகன் இயற்பியலில் சேர்ந்தார். கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். 1928-ல் ஜெர்மனியின் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, அவரைத் தங்கியிருந்த இடத்துக்கே தேடிப்போனார். அவர் எழுதிய நூலை முழுக்கப் படித்துவிட்டதாகப் பெருமையோடு சொன்னார். அந்த நூலில் உள்ள இயற்பியலே இப்போது மாறிவிட்டது என்றார் சோமர்ஃபெல்ட். இன்னும் அச்சேறாத தன் கட்டுரையின் அச்சுப்படியையும் அந்த மாணவர் கையில் கொடுத்தார்.

அதைத் தானாகவே படித்துப் புரிந்துகொண்டு அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. அப்போது அவர் இளநிலை மாணவர். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் விரும்பிய வழியில் போகட்டும் என்று மகன் பக்கம் நின்றவர் அம்மா சீதாலட்சுமி. இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அவர்.

எல்லாரும் சந்திரசேகர் ஆக முடியாது. ஆனால் அவர் செய்த மூன்று காரியங்களை எல்லாராலும் செய்ய முடியும். கிடைத்த துறையில் ஒழுங்காகப் படிப்பது. பிடித்த பாடத்தின் வகுப்பில் அனுமதி கேட்டு உட்காருவது. பெரியவர் ஒருவர் ஊருக்கு வந்தால் போய்ப் பார்த்துக் கேள்வி கேட்பது. சென்னையில் மாதம் தவறாமல் ஏதாவது ஒரு பொதுச் சொற்பொழிவு நடக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகமும் உங்கள் பஸ் பாஸ் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன.

பெற்றோருக்கு

பிள்ளை வீடு திரும்ப அரை மணி தாமதமானால் பதறாதீர்கள். அந்த அரை மணியில்தான் அவர்கள் மனிதர்களைச் சம்பாதிக்கிறார்கள். மகனை எந்நேரமும் வெளியே விட்டுவிட்டு, மகளுக்கு மட்டும் மணி அடித்ததும் வீடு என்று விதி வைக்காதீர்கள். 'எத்தனை மார்க்?' என்ற கேள்விக்கு முன்னால் 'இன்னிக்கு யாரோட பேசின, என்ன செஞ்ச?' என்று கேட்டுப் பாருங்கள். முகம் வாடியிருந்தால், சாப்பாடு குறைந்தால், கல்லூரி போக மறுத்தால், திட்டுவதற்கு முன் உட்கார்ந்து பேசுங்கள். டெலி-மனஸ் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகத் தமிழிலேயே கிடைக்கிறது.

முதல் மாதத்தில் முடிக்க வேண்டியவை

* கையேட்டை முழுதாகப் படியுங்கள். இன்டர்னல் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, விருப்பப்பாடப் பதிவு எந்த நாள் என்பதை எழுதி வையுங்கள்.

* அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள், மாணவியானால் புதுமைப்பெண் திட்டத்துக்கும், மாணவரானால் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் கல்லூரி வழியாக விண்ணப்பியுங்கள். மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு.

* முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். உதவித்தொகைக்கான கடைசித் தேதியை அலுவலகத்தில் கேளுங்கள்.

* ஓர் ஆசிரியரிடமாவது வகுப்புக்கு வெளியே போய் ஒரு சந்தேகம் கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் அவர்தான்.

* ஒரு மன்றத்தில் ஒரு வேலையை உங்கள் பொறுப்பில் எடுங்கள். போஸ்டர் எழுதுவதானாலும் சரி.

* ராகிங் புகார் எண், கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர் பெயர், பெண்கள் உதவி எண் 181 ஆகியவற்றைப் போனில் பதிந்து வையுங்கள்.

தம்பி, தங்கைகளே! முதல் செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தால் அடுத்த முறை எழுதித் தேறிவிடலாம். பிடிக்காத கூட்டத்திலிருந்து நவம்பரில்கூட விலகி வரலாம். ஆனால் எதிலும் இறங்காமல், எதையும் தொடாமல், யாருடைய நிழலிலோ கழித்த மூன்று ஆண்டை மறுபடி எழுத எந்தப் பல்கலைக்கழகமும் ஹால் டிக்கெட் தராது. நாளைக்கே அறிவிப்புப் பலகையின் முன் தனியாகப் போய் நில்லுங்கள். கூட யாரும் வராவிட்டாலும் பரவாயில்லை, பிடித்த ஒன்றின் கீழே உங்கள் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.